மாற்றுமிடம்

நாலு பத்துக்கு அலாரம் வைத்திருந்தேன்.
மூணு ஐம்பதுக்கே எழுப்பிவிட்டாள் பெனிலா,
காதில் வாயை ஒட்டி, ரகசியம்போல:
"அம்மா, பல்லி தூங்குது."

போய்ப் பார்க்கவேண்டியிருந்தது.
ட்யூப்லைட்டுக்குப் பின்னால் பல்லி இல்லை.
எழுந்து வேலைக்குப் போய்விட்டது என்றேன்.
எங்கே என்றாள். ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கு என்றேன்.
அம்மா போகிற இடமும் அதுதான் என்பது நினைவுக்கு வந்து
அழத் தொடங்கினாள்.

அன்று மணக்குடிக் காயலில் நான் இறங்கவில்லை.

அட்டவணை ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.
பதினாறு வாரம், சிவப்புப் பேனாவில் கட்டம் கட்டமாக.
ஏழாவது வாரத்தின்மேல் நீலக் கிரேயானில்
பெரிய வட்டம், அதற்கு ஆறு கால்.
நண்டாம்.
ஏழாவது வாரம் முழுக்கக் காய்ச்சல்,
முதலில் அவளுக்கு, பிறகு டெல்வினுக்கு, பிறகு எனக்கு.
நண்டு முன்னமே வந்து சொல்லியிருக்கிறது,
எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

ஆனி மாசத்து ஆரல்வாய்மொழிக் காற்று
போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும்.
முப்பந்தலில் திரும்பினால்
நின்ற இடத்திலேயே சவுட்டச் சொல்லும்.
காற்றாடிகள் எல்லாம் சுற்ற, நான் மட்டும் நகராமல்.
இருந்தாலும் நேர்மையான காற்று,
எதிரே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவது.
சோற்றுத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
"தொப்பி" என்கிறவளிடம்
எந்தப் பக்கம் குனிந்து தப்பிப்பது?

ஒரு ஞாயிறு, பதினாறு கிலோமீட்டர் ஓடவேண்டிய நாள்.
டெல்வின் மார்த்தாண்டத்துக் கல்யாணம் ஒன்றைப் படமெடுக்கப் போக,
அவளைக் கூட்டிக்கொண்டு சானல்கரைக்குப் போனேன்.
நாற்பது நிமிடத்தில் இருநூறு மீட்டர்.
எறும்பு வரிசைக்கு வழிவிட்டோம்.
ஒரு ஆட்டுக்கு டாட்டா சொன்னோம், ஆடு பதில் சொல்லும்வரை.
கழன்ற செருப்பை எடுக்கத் திரும்பி நடந்தோம்.
முடித்துவிட்டீர்களா என்று கேட்டது என் வாட்ச்.
இல்லை என்று அழுத்தினேன்.
மறுபடியும் கேட்டது.

போட்டியன்று காயலிலிருந்து ஏறும்போது
கடைசியிலிருந்து ஐந்தாவது ஆள்.
ஈரம் சொட்டச் சொட்ட மாற்றுமிடத்தில்
ஷூவுக்குள் கால் நுழைய மறுத்தது. விரலால் துழாவினேன்,
ஒரு பிளாஸ்டிக் வாத்து.
சைக்கிளில் இரண்டு பேரைப் பிடித்தேன்.
அதில் ஒருவருக்குப் பஞ்சர்.

ஓட்டம் மூன்று சுற்று.
இரண்டாவது முடிகிற இடத்தில், பாலத்தடியில்,
டெல்வின் தோளில் அவள். இரண்டு கையையும் நீட்டி
"அம்மா தா! அம்மா தா!"
நேரமா, இவளா என்று யோசிக்கவில்லை.
நூற்று எழுபத்தெட்டில் அடிக்கிற நெஞ்சோடு
அப்படியே நின்று கைகளை விரித்தேன்.
என் வலது கையில் பாதி உரித்திருந்த மட்டிப்பழத்தைப்
பிடுங்கிக்கொண்டு
அப்பாவின் கழுத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிப்பி உடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி
தலை நிமிராமலே சொன்னாள்:
"ஓடு மக்ளே, கிடைக்காது."

ஓடினேன்.
மிச்சச் சுற்று முழுக்க மூச்சு வாங்கியது
பாதி சிரிப்பினால்.

நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தெட்டு.
பதக்கம் இப்போது குளியலறை வாளிக்குள், நீருக்கடியில்.
மீனாம். தொடக்கூடாதாம்.

இரவு ஒன்றரைக்கு வாந்தி.
பழம், பால், எங்கிருந்தோ ஒரு பச்சை நூல்.
இருட்டில் அவள் சட்டை, என் நைட்டி,
விரிப்பு, தலையணை உறை.
டெல்வின் வாளியோடு, நான் துண்டோடு,
ஒருவரை ஒருவர் இடிக்காமல், பேச்சில்லாமல்.
சுவர்க் கடிகாரப்படி மூன்று நிமிடம்.
காலையில் ஒரு வாத்தை வெளியே எடுத்து
இரண்டு ஷூவை மாட்ட எனக்கு ஏழு ஆனது.

புதுச் சட்டையில், ஈரத் தலையோடு
நிமிர்ந்து உட்கார்ந்து அவள் சொன்னாள்:
"பல்லி."

சுவரில் இருந்தது.
வேலை முடிந்து வந்திருக்கிறது.