குதிரை விழுந்த பக்கம்

முதலாண்டு உடற்கூறியல் வாய்மொழித் தேர்வில்
தட்டிலிருந்து ஓர் எலும்பை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார் பியாம்பதோர்ஜ்.
"குதிகாலின் மேல் உட்கார்ந்திருப்பது எது?"

குதிரை, என்றேன்.

அறை சிரித்தது.
ஃபார்மலின் எரிச்சலில் கண் ஏற்கெனவே கலங்கியிருந்ததால்
அழுதது யாருக்கும் தெரியவில்லை.

என்ன செய்ய.
எங்களூரில் அந்த எலும்பை முதலில் கை படிக்கும்,
பிறகுதான் கண்.
ஆட்டின் கணுக்காலில் எடுத்து, வேகவைத்து, சுரண்டி,
ஷகாய் என்று உருட்டி விளையாடுவோம்.
புடைத்து விழுந்தால் செம்மறி
குழிந்து விழுந்தால் வெள்ளாடு
ஒருக்களித்து நின்றால் ஒட்டகம், இல்லாவிட்டால் குதிரை.
மனிதனுடையது சற்றுப் பருமன். அவ்வளவுதான்.

இரண்டு மதிப்பெண்ணில் தோற்றேன்.

அந்தக் கோடை முழுக்க
அப்பாவின் மினிபஸ்ஸில் சில்லறை வாங்கினேன்,
மடியில் புத்தகம்.
தாலஸ்: எந்தத் தசையும் பற்றாத எலும்பு.
உடம்பின் பாரமெல்லாம் அதன்மேல்தான்,
பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லை.
அந்த வரியின்மேல் யாரோ ஒரு கசங்கிய நோட்டை நீட்டினார்.
மீதி கொடுக்க மறந்துபோனேன்.

மூன்றாமாண்டில் துல்மா நின்றுவிட்டாள்.
என்னைவிடக் கெட்டிக்காரி.
பன்னிரண்டு மூளை நரம்புகளையும்
பல் துலக்கியபடி ஒப்பிப்பாள்.
இஞ்சியோனில் மீன் அடைக்கும் வேலை,
மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம்.
வெள்ளைக் கோட்டை விட்டுப் போனாள்.
அதன் கை என் மணிக்கட்டுக்கு எட்டாது,
போட்டுக்கொள்கிறேன்.

குளிர்காலங்களை எண்ணித்தான் கழித்தேன்.
நிலக்கரிப் புகை வார்டுக்குள்ளேயே வந்துவிடும்,
ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள்.
விலா குழிவதைப் பார்த்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும்.
அறுபத்தெட்டு. எழுபத்தொன்று.
ஒருமுறை, எண்ண ஒன்றும் இல்லாமல்,
விரலை மடக்காமல் நின்றேன்.
அன்று யாரும் மதிப்பெண் போடவில்லை.

ஆறாமாண்டு. துந்த்கோவியில் ஒரு சிற்றூர் மருத்துவமனை.
ஏப்ரல், மண்காற்று, இரவு மூன்று மணி.
அப்பன் தூக்கிவந்த பையனுக்கு ஒன்பது வயது,
சோத்பிலெக், பந்தயக் குதிரை ஓட்டுபவன்.
பயிற்சியில் குதிரை சரிந்து
பாதத்தின் மேலேயே புரண்டிருக்கிறது.

எக்ஸ்ரேவில் அதே எலும்பு.
கழுத்தில் மயிர்க்கோடு போல ஒரு விரிசல்.

கரிக்குவியலின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல்.
ஏறி நின்று நகரத்து அறுவை மருத்துவரை எழுப்பினேன்.
கட்டுப் போடு, அனுப்பு, வாக்குறுதி கொடுக்காதே, என்றார்.

இறங்கி வந்ததும் அப்பன் கேட்டார்:
"ஜூலையில் ஓட்டுவானா?"

எனக்குத் தெரியும்.
இந்த எலும்புக்கு ரத்தம் முன்னாலிருந்து பின்னோக்கி,
கழுத்து வழியாக ஏறிப் போகிறது.
கழுத்து முறிந்தால் வழி அடைபடலாம்.
மெல்ல, வலிக்காமல்கூட, எலும்பு செத்துப்போகலாம்.
போகாமலும் இருக்கலாம்.
புத்தகத்தில் சதவிகிதம் உண்டு.
அவர் கேட்டது சதவிகிதம் அல்ல.

தெரியவில்லை, என்றேன்.
ஆறாண்டுகளாக எனக்கு மதிப்பெண் குறைத்த சொல்.
இந்த ஜூலையில் இல்லை. அடுத்ததற்கும் தெரியவில்லை.
அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து,
மறுபடி போட்டுக்கொண்டார்.

கட்டு ஈரமாக இருக்கையில் பையன் கேட்டான்:
"எந்த எலும்பு?"
ஷகாய்.
"மனுஷனுக்குமா?"
நல்ல காலை இழுத்துப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டான்,
யாரோ எடுத்து விளையாடிவிடுவதுபோல.
பிறகு, "எந்தப் பக்கம் விழுந்திருக்கு?"

படத்தை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
திருப்பிப் பிடித்தேன்.
தலைகீழாகவும்.

"குதிரைதான்" என்றான் அவனே.

நான் மறுக்கவில்லை.
கட்டுக்கு வெளியே தெரிந்த பெருவிரல் நகத்தை அழுத்தினேன்.
வெளுத்தது.
விட்டதும், ஒன்று, இரண்டு,
சிவப்பு திரும்பியது.

நேரம் எழுதினேன்: நான்கு பத்து.
வெளியே டிரைவர் ஜீப்பைத் திட்டிக்கொண்டிருந்தார்,
அது இன்னும் கிளம்பவில்லை.