மதலைமுத்துவின் கைநாட்டு

நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு
மணியடித்தவர்கள் பட்டியல் கேட்டார் பங்குத்தந்தை.
அதற்கென்று சரித்திரம் கிடையாது.
வேலூர் வெயிலில் மொறமொறத்துப் போன
செலவுக் கணக்குதான் இருக்கிறது.

தேங்காய்நார்க் கயிறு, பன்னிரண்டணா.
அச்சுக்கு விளக்கெண்ணெய்.
வௌவால் விரட்டியதற்கு ஓரணா.
தப்பு செய்தால் பெயர் வரும்:
ராயப்பன், விடியல் மணி பிந்தியது, அபராதம்.
இன்னாசி, சாராயம், அபராதம்.
ஒழுங்காய் அடித்தவன்
'சம்பளம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்
காணாமல் போயிருக்கிறான்.

1931. மதலைமுத்து, மாதம் நான்கு ரூபாய்.
தடித்த கட்டைவிரல்.
அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது.

மறு வருஷம் மார்ச் மாதம்
கயிறு மூன்று முழம் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள்.
கோபுரம் வளரவில்லையே என்று
யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.
அந்த மாதத்திலிருந்து கைநாட்டு மெலிகிறது.
ரேகைகளின் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு,
அரிவாள்மணைத் தழும்பு.
நூற்று முப்பத்தேழு மாதம், அதே கோடு.
பக்கத்தில் கணக்கப்பிள்ளை கை நடுங்காமல் எழுதுகிறார்:
மதலைமுத்து, மதலைமுத்து, மதலைமுத்து.

காட்பாடியில் ரயிலேறினால்
விடிவதற்குள் கோலார் தங்கவயல்.
போனவன் போனதாக
எந்தப் பேரேட்டிலும் இல்லை.

திருமணப் பதிவில் தேடினேன்:
மதலைமுத்து, கித்தேரி. சாட்சிகள் இருவர்.
அடக்கப் பதிவில் தேடினேன்:
ஆகஸ்ட் 1943. கித்தேரி, காய்ச்சல், வயது முப்பத்தெட்டு.
அந்த மாதச் சம்பளக் கட்டம் காலி.
துக்க மணி ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஆறு.
அன்றைக்கு அந்த ஆறை
யார் அடித்தார்கள் என்று கணக்கில் இல்லை.

இப்போது மோட்டார்.
கரண்ட் போகிற நாளில்
மூவேளை மணி இருவேளையாகும்.
அபராதம் யாருக்கும் கிடையாது.

பட்டியலில் அவள் பெயரையும் தட்டினேன்.
"ஆதாரம்?" என்றார் தந்தை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே,
"போட்டோவாவது இருக்கா?"

கைநாட்டை ஸ்கேன் செய்து
பக்கம் கொள்ளுமளவு பெரிதாக்கி
லாங் பஜார் அச்சகத்துக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் போன் செய்தான் பையன்:
"சார், மத்த படத்துக்கெல்லாம் பேரு இருக்கு.
நடுவுல வறண்ட ஆறு ஓடுற
இந்த மேப்பு
எந்த ஊரு?"