அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை

மனச்சிதைவு என்று போட்டிருந்தது கையேட்டில்.
புவாங்கோக்கில், பெண்கள் வார்டில்,
தாதி ஹுவீ லிங் நான்கு மொழிகளிலும் வைத்திருந்தாள்.
அடியில் கிடந்த தமிழைத் தேடி எடுத்து
என் பெயரைப் பாதியில் முறித்து
‘நீலா, உனக்கு’ என்றாள்.

சிதையவில்லை, டாக்டர்.
அதுதான் தொல்லையே.
எல்லாம் ஒட்டிக்கொண்டது.
எண்பத்தெட்டாம் பேருந்தும்
என் அடையாள அட்டையின் கடைசி எண்ணும்
எதிர் புளோக்கில் மூங்கில் கழியில் காய்ந்த சிவப்புத் துண்டும்
மேல்மாடியில் யாரோ இருமியதும்
ஒரே வாக்கியமாக இருந்தது.
அதில் எழுவாய் நான்.
வினைமுற்று மட்டும் வரவேயில்லை.
பதினொரு நாள் தூங்காமல்
அதற்காகத்தான் விழித்திருந்தேன்.

டாக்டர் தாளில் இரண்டு குமிழ் வரைந்து
நடுவே புள்ளிகள் இட்டார்.
இவை உங்களுக்குக் கூடிவிட்டன என்றார்.
அம்மாவைக் கேட்டால், அத்தை வீட்டுப் பாயசம்.
பக்கத்துக் கட்டில் ரோஸ்னானி
தன்னுடையது வாழைமரத்திலிருந்து இறங்கியது என்றாள்.
பாயசம் பரவாயில்லையே, இனிப்பாவது இருந்திருக்கும் என்றாள்.
மாத்திரை வண்டி வரும்வரை சிரித்தோம்.

நான் யாரையும் மறுக்கவில்லை.
புள்ளிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டேன்.
பாயசத்துக்கு ஈசூன் கோயில் கயிற்றைக் கட்டிக்கொண்டேன்.
இரண்டும் ஒரே கைதான்.

குணமாவது எப்படியிருக்கும் என்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.
முதலில் அந்தத் துண்டு வெறும் துண்டானது.
பிறகு பேருந்து.
ஒவ்வொன்றாகக் கழன்று தன்னிடம் போய்ச் சேர்ந்தது,
கல்யாண வீட்டில் சாப்பிட்ட கையோடு
சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறவர்கள் மாதிரி.
அழுதேன். இதை டாக்டரிடம் சொல்லவில்லை.
இந்தத் தீவு முழுக்க என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.
இப்போது ஒரு விளக்குக் கம்பத்துக்கும் என்னைத் தெரியாது.

எட்டு கிலோ ஏறியிருக்கிறேன்.
முகம் தெளிஞ்சிருக்கு என்கிறாள் அக்கா.

சாங்கியில் வேலை. விமானச் சாப்பாட்டுக்கு
கத்தி, முள்கரண்டி, கரண்டி, சுற்றி ஒரு தாள்.
மணிக்கு இருநூற்றுப் பத்து.
நேர்காணலில், நடுவே எட்டு மாதம் எங்கே என்றார் மேலாளர்.
ஊருக்குப் போயிருந்தேன் என்றேன்.
எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை.

தானா மேராவில் ரயில் மாறும்போது
அந்தக் குரல் மற்ற மொழிகளை முடித்துவிட்டுத்
தமிழுக்கு வருகிறது,
இடைவெளியைக் கவனிக்கச் சொல்லி.
ஒரு காலத்தில் எனக்கு மட்டும் சொன்ன குரல்.
இன்று எல்லாருக்கும் சொல்கிறது,
யார் காதிலும் விழவில்லை.
நான் மட்டும் குனிந்து பார்க்கிறேன்.
அரைச் சாண் இருக்கும்.
உள்ளே இருட்டு, ஒரு மிட்டாய்த் தாள்.
கை நடுங்குகிறது, ஊசியால்தான், பயமில்லை.
பின்னால் ஒரு பையன் ‘ஆன்ட்டி, போறீங்களா இல்லையா’ என்கிறான்.

தாண்டினேன்.
உட்கார இடமில்லை.