வெள்ளிக்கிழமைச் சொல்

மாலை ஆறு ஐம்பதுக்குச் சொல் வந்தது.
பாயான் லெப்பாஸில் கம்பெனி பஸ்ஸை விட்டு
இறங்கிக்கொண்டே வாசித்தேன்:

தூசி.
இருபது வரிக்கு மேல் வேண்டாம்.
சனி காலை எட்டு மணிக்குள்.
மங்களநாயகி, சுங்கை பட்டாணி.

பதினான்கு பேர் நாங்கள்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.
ஈப்போவில் பல் டாக்டரிடம் வேலை செய்யும் ஓவியச்செல்வி.
லாரி ஓட்டும் குணாளன்; எழுத மாட்டார்,
பேசி அனுப்புவார், நடுவில் ஹாரன் கேட்கும்.
ஒற்றுப்பிழை பிடிப்பதற்கென்றே பிறந்த தரணிதரன், வயது இருபத்து மூன்று.
அப்புறம் நான்.
மூன்றாவது மாடி, இரவு ஷிப்ட்.

கைபேசி லாக்கருக்குள்.
தொப்பி, முகமூடி, வெள்ளை அங்கி, இரண்டு அடுக்குக் கையுறை.
கண்ணாடிக் கூண்டில் கைகளைத் தூக்கிச்
சுற்றிச் சுற்றி நின்றால்
நான்கு பக்கமும் காற்று அடிக்கும்.
தூசியை உதறிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.
நான் அதைத் தலைக்குள் வைத்துக் கடத்தினேன்.

உள்ளே பென்சில் கூடாது, கரி உதிரும்.
சாதாரணக் காகிதம் கூடாது, நார் உதிரும்.
முகத்தில் பவுடர் இருந்ததென்று
லைன் லீடர் ரோஸ்னித்தா
ஒருமுறை என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.
எனவே விரல்களில் வரி எண்ணினேன்,
கையுறைக்குள், யாருக்கும் தெரியாமல்.

ஒன்பது மணிக்கு முதல் வரி.
பத்தரைக்கு அதைத் தூக்கிப் போட்டேன்.
மண்ணோடு மண்ணாவோம் என்று
எப்படியும் ஒன்பது பேர் தொடங்கியிருப்பார்கள்.

பன்னிரண்டரைக்கு
பதினேழாம் இயந்திரத்தில் கம்பி அறுந்தது.
தலைமுடியை விட மெல்லிய தங்கம்.
மூச்சைப் பிடித்து, நாக்கைக் கடித்து,
பூதக்கண்ணாடியில் மட்டும் தெரிகிற துளைக்குள்
அதை நுழைத்தேன்.
மூன்றாம் தடவை நுழைந்தது.
மறுபடி தூசிக்குத் திரும்பினேன்.

இரண்டு மணி இடைவேளையில்
லாக்கரைத் திறக்கவில்லை.
மற்றவர்கள் எழுதியதைப் பார்த்தால்
என் வரிகள் ஓடிவிடும்.
மீ கோரெங் ஆறிக்கொண்டிருந்தபோது கிடைத்தது:

அறையில் படிகிற தூசியில் பாதி
நம் தோல்தானாம்.
சரஸ் மாற்றலாகிப் போய் ஐந்து மாதம்.
இனிப் படிவதெல்லாம் நான் மட்டும்.
விசிறியின் மூன்றாவது இறக்கையைத்
துடைக்காமல் விட்டிருக்கிறேன்.
அதன் அடி அடுக்கில்
இன்னும் அவள் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

இப்படியே பதினேழு வரி.

ஏழு இருபதுக்கு லாக்கர்.
நேற்று இரவு ஏழு நான்குக்கே வந்திருந்தது:
மன்னிக்கவும், தூசி இல்லை, ஊசி. விரல் தவறிவிட்டது.

கீழே பன்னிரண்டு ஊசிகள்.
மரத்துப்போன ஈறும்
ஒரு சிறுவன் இறுகப் பிடித்த விரலும்: ஓவியச்செல்வி.
டயரில் குத்தி நின்றதைப் பற்றிக் குணாளன்.
மங்களநாயகி தன் இன்சுலினை எழுதியிருந்தார்,
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி
நாளுக்கொரு இடமாக,
வாடகைக்கு வீடு மாறுவதைப் போல.

நான் பன்னிரண்டு மணி நேரம்
ஊசி முனைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.
ஊசிக்குள் தங்கம் கோத்தேன்.
கோத்துவிட்டு,
அந்தக் கட்டடத்திலேயே இல்லாத ஒன்றைத்
தேடிக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு இன்னும் பத்தொன்பது நிமிடம்.
பஸ் கிளம்பிவிட்டது.
ஊசி என்று தட்டினேன். அழித்தேன்.
தூசியையே அனுப்பினேன்.

தங்கச்சி, சொல்லு மாறிப்போச்சும்மா, என்று
குணாளன் சிரித்தார், ஹாரனோடு.
நான்காம் வரியில் ப் வருமா என்று யோசிக்கவும், என்றான் தரணிதரன்.
யோசித்தேன். வரும். போட்டுத்தான் இருக்கிறேன்.

ஜெலுத்தோங்கில் இறங்கும்போது
தனியாக ஒரு செய்தி, மங்களநாயகியிடமிருந்து:
அந்த இறக்கையைத் துடைத்துவிடாதீர்கள்.

சரி என்று மட்டும் அனுப்பினேன்.
அதில் ஒற்று எங்கேயும் மிகாது.