வெள்ளை வட்டம்

கெமியில் டிசம்பர் மதியம் இரண்டுக்கே இருட்டிவிடும்.
காகித ஆலையின் புகையைப் பார்த்த சன்னலருகே
என் குடும்பத்தைத் தாளில் வரைகிறாள்
இங்கெரி என்ற ஆய்வாளர்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
செத்தவர்மேல் ஒரு சாய்கோடு.

தம்பி தோர்ஸ்தியின் சதுரம் முழுக்கக் கறுப்பு.
ரேடியேட்டர் தன்னைத் திட்டுகிறதென்று
பத்தொன்பது வயதில் அதைப் போர்வையால் இறுகக் கட்டியவன்.

அத்தை வியேனோவின் வட்டம் பாதி கறுப்பு.
ஒரு ஏப்ரலில் மூன்று படகு வாங்கினாள்,
கடல் இன்னும் உறைந்தே கிடந்தது.
ஜூனில் படுத்தவள்
செப்டம்பரில்தான் தலை வாரினாள்.

அப்பாவிடம் வந்ததும் பென்சில் தயங்கியது.
எந்த மருத்துவரும் எதுவும் எழுதாத மனிதர்.
நவம்பரிலிருந்து மார்ச் வரை பேசமாட்டார், அவ்வளவுதான்.
வீட்டில் நாங்கள் அதைக் குளிர்காலம் என்போம்.
ஒரு கேள்விக்குறி போட்டாள்.

என் வட்டம் வெள்ளை.
நோயற்ற உடன்பிறப்பு.
அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இருநூற்றுச் சொச்சம் வாக்கியங்கள்,
ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்.

'கூட்டத்தைவிடத் தனிமை பிடிக்கும்.'
யாரைக் கேட்கிறார்கள்!
ராத்திரி இரண்டு மணிக்கு
பனி தள்ளும் வண்டியில் ஏறுகிறவள் நான்.
மஞ்சள் விளக்கு சுழலும், ஊர் தூங்கும்,
முன்னால் ஒரு தடமும் இல்லாத தெரு.
சம்பளம் வேறு தருகிறார்கள்.
மிகவும் உண்மை.

'யோசிக்காமல் செலவு செய்திருக்கிறேன்.'
போன வருடம் ஒரு அக்கார்டியன்.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
ஒன்றுதானே? மூன்று இல்லையே?
ஓரளவு உண்மை.

'மற்றவர்க்கு ஒன்றுமில்லாதது
எனக்கு ஏதோ சொல்வதுபோல் இருக்கும்.'

பேனா இங்கே நின்றது.
முப்பது டிகிரிக்குக் கீழே போனால்
ஆற்றுப் பாலத்தருகே மின்கம்பிகள் முனகும்.
காற்றுதான், தெரியும்.
ஆனாலும் இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி
இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் போவேன்.
இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.
அதில் நிம்மதி.
துளி ஏமாற்றமும்.
அதற்குக் கட்டம் இல்லை.

"இரண்டு நோய்க்கும் பெயர்தான் வேறு,
அடியில் எங்கோ கலந்திருக்கலாம் என்று பார்க்கிறோம்,
நோயே வராத சொந்தங்களிடமும் அதன் சாயல்..."
இங்கெரி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
காபி தரட்டுமா என்றாள்.
சாயல் காபி குடித்தது, சர்க்கரை இல்லாமல்.

மாலை தோர்ஸ்தி வந்தான்.
மாத்திரையால் கை லேசாக நடுங்கும்,
செருப்பை மட்டும் ஒழுங்காகச் சேர்த்து வைப்பான்.
என்ன கேட்டார்கள் என்றான்.
கம்பியைப் பற்றிச் சொன்னேன், முதல்முறையாக ஒருவரிடம்.

சிரிக்கவில்லை.
"எந்தச் சுரம்?"
வாயால் முனகிக் காட்டினேன்.
அலமாரிமேல் கிடந்த அக்கார்டியனை இறக்கி
தூசியை முழங்கையால் துடைத்து
பொத்தான் பொத்தானாகத் தேடினான்.
இல்லை. இல்லை. கொஞ்சம் கீழே.
கிடைத்தது.

"காற்றுதான் அக்கா," என்றான்
ரேடியேட்டரைக் கட்டிவைத்தவன்.

தெரியும் என்றேன்.
துருத்தியில் காற்று தீரும்வரை
அந்த ஒற்றைச் சுரத்தை அவன் விடவில்லை.
நானும் நிறுத்தச் சொல்லவில்லை.