பனி என்று எழுதினேன்

பனி என்றுதான் அம்மாவுக்கு எழுதினேன்.
வேறு சொல் என்னிடம் இல்லை.
நெல்லித்தோப்பிலிருந்து பதில் வந்தது:
தலையில் துண்டு கட்டிக்கொள்,
விடியற்காலையில் வெளியே நிற்காதே,
மார்கழி போனால் சரியாகிவிடும்.

அது ஏப்ரல்.
பிரியான்சோனுக்கு மேலே, மரங்கள் நின்றுபோன உயரத்தில்
இடுப்பளவு புதைந்து நின்றபடி
அந்தக் கடிதத்தைப் படித்தேன்.

எங்கள் படைப்பிரிவில் இரண்டு வண்டிகள்.
ஒன்று மஞ்சள்.
மற்றதும் மஞ்சள்தான்; மூக்கு உடைந்து தகரம் அடித்தது.
சக்கரம் கிடையாது.
முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, அடியில் ரப்பர் பட்டை,
நடுவே, தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிய எஞ்சின்.
நூறு மீட்டர் அது நம்மைச் சுமக்கும்,
அடுத்த இருநூறு மீட்டர் நாம் அதை.
சார்ஜண்ட் அதைக் கழுதை என்பார்.
கழுதை ஏறும், என்பான் யான்.

கயிற்றை இழுக்க வேண்டும்.
முதல் இழுப்பில் எதுவும் நடக்காது.
ஐந்தாவதில் எனக்கு வியர்க்கும்.
பத்தாவதில் உள்ளே யாரோ இருமுவதுபோல் இருக்கும்.
பிளக்கைக் கழற்றி வாய்க்குள் அடக்கிச் சூடேற்றுவான் யான்,
பிரெத்தோன் கரையில் மீனவனுக்குப் பிறந்தவன்.
கரியும் பெட்ரோலுமாகத் துப்பிவிட்டு
'இப்போ' என்பான்.

உபரி பெல்ட்டைச் சட்டைக்குள், வயிற்றோடு சுற்றியிருப்போம்.
வெளியே வைத்தால் விறைத்து
பழைய ரொட்டிபோல் ஒடிந்துவிடும்.
பதினெட்டு வயதில் மற்றவர்கள் யாரையோ அணைத்துத் தூங்கினார்கள்.
நான் ஒரு பெல்ட்டுக்குச் சூடு கொடுத்தேன்.

ஆனால் பிடித்துக்கொண்டால்!
நீலப் புகை,
மலையெங்கும் தகர டப்பா உருளும் சத்தம்,
முழங்காலுக்குக் கீழே பூமி இல்லாததுபோல ஒரு போக்கு.
சரிவில் குறுக்கே போகும்போது
மேட்டுப் பக்கம் உடம்பைச் சாய்க்கவேண்டும்,
பள்ளம் எவ்வளவு கூப்பிட்டாலும்.
தெரியாமல் முதல் நாள் ஏழு தடவை கவிழ்ந்தேன்.
வாய் நிறையப் போனது. ருசி இல்லை.
ருசியில்லாத தண்ணீரை நான் அதுவரை குடித்ததில்லை.

ஒருநாள் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால்
வண்டி பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது.
இருட்டும்வரை பனியை மிதித்து மிதித்துப் பாதை போட்டோம்.
அவன் பிரெத்தோனில் திட்டினான், நான் தமிழில்.
இரண்டும் புரியாத சார்ஜண்ட்
ஜெபம் செய்கிறோம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

இப்போது வருஷத்துக்கு ஒருமுறை
உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுகிறேன்,
பென்ஷன் வருகிறது.
இடது தோள் தூக்கினால் நொறுக்கென்கிறது.
யானிடமிருந்து கார்டு நின்று ஒன்பது கிறிஸ்துமஸ்.

போன வாரம், கத்திரி வெயில்.
மர்த்தா வஞ்சிரம் பேரம் பேச வீராம்பட்டினம் போனோம்.
முழங்கால் தண்ணீரில் ஒரு ஃபைபர் படகு,
செங்கழனி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.
எட்டு. ஒன்பது. எண்ணுவதை நான் நிறுத்தமுடியவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.
தாங்க, என்றேன்.
மூன்று இழுப்பு. தோள் நொறுக்கென்றது, எஞ்சின் வாய் திறக்கவில்லை.
விடுங்க சார், என்றான்.
பிளக்கைக் கழற்றி லுங்கியில் துடைத்தான்.
வாயில் வை என்று சொல்ல வந்து
விழுங்கிக்கொண்டேன்,
கையில் பிடிக்கவே சுட்டிருக்கும்.

பிறகு அவன் இழுத்தான், பிடித்துக்கொண்டது.

அதே நீலம். அதே எண்ணெய்க் காந்தல்.
புகைக்குள் நின்றேன், இருமிக்கொண்டு.
படகு முதல் அலைமேல் மூக்கைத் தூக்கியது,
இரண்டாவதில் குறுக்கே திரும்பி
பள்ளத்துப் பக்கம் சரிந்தது.

கரையில் நின்றவன்
மேட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டேன், முழு உடம்போடு.

மீன் பையைக் கீழே போட்டுவிட்டு
மர்த்தா ஓடிவந்து கையைப் பிடித்தாள்,
விழப்போகிறேன் என்று.