பனி தள்ளுகிறவளின் விண்ணப்பம்

நாலு மணிக்கு வண்டியைக் கிளப்புகிறேன், ஆண்டவரே.
நவம்பரில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரிக் கடைசியில்தான் எட்டிப்பார்க்கும்.
ஆகவே விடியலைப் பற்றிய உவமை எதுவும்
என்னிடம் இல்லை. பொறுத்துக்கொள்ளும்.

முதலில் சுகாதார நிலையத்து மேட்டுவளைவு.
நர்ஸ் தோர்டிஸின் சின்னக் கார் அதில் ஏறவேண்டும்.
பிறகு மீன் ஆலை. ஐந்து மணி ஷிப்டுக்குப்
போலந்துப் பெண்கள் நடந்து வருவார்கள்,
கையுறை போடாத ஒருத்தி எனக்குக் கையசைப்பாள்.
பிறகு பள்ளிக்கூடம்.
கடைசியில் உம்முடைய வீடு.
கோபித்துக்கொள்ளாதேயும்,
அட்டவணை எழுதியது நகராட்சி.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வழி வெட்டிக் கொடுத்துவிட்டு
ரெய்க்யவிக் மருந்து லாரிக்காகக் கணவாய் ஏறிவிடுவேன்.
திரும்பும்போது ஆராதனை முடிந்திருக்கும்.
கோயில்பிள்ளை ஹல்பேரா
ஆறிப்போன காப்பியும்
நான் கேட்காத பிரசங்கத்தின் சுருக்கமும்
எடுத்து வைத்திருப்பாள்.
"இன்றைக்கு நல்ல சமாரியன். உனக்குத் தெரிந்ததுதான்."
தெரிந்ததுதான்.
அதுதான் தொந்தரவு.

கெடில் வீட்டு வாசலைப் பற்றிச் சொல்லவேண்டும்.
உமக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொல்லவேண்டும்.

தகடு தள்ளும் பனி எங்கேயாவது போகத்தானே வேண்டும்?
வலப்பக்கம் ஒதுங்கி, வீட்டு வாசல்களை அடைத்துக்கொண்டு
வரப்பாக இறுகும்.
மற்ற வாசல்களில் தகட்டைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வேன்.
இரண்டு விநாடி வேலை, ஒரு மணிக்கட்டு அசைவு.
கெடில் வாசலில் மட்டும்
பதினோரு குளிர்காலமாகத் திருப்பவில்லை.

என் அண்ணன் படகு கூப்பிட்ட இரவில்
துறைமுக ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு
அவன் தூங்கிப்போனான் என்று ஊர் சொன்னது.
விசாரணை அறிக்கை வேறு சொன்னது.
நான் ஊரை நம்பினேன்.
அது வசதியாக இருந்தது.

சட்டப்படி குற்றமில்லை.
ஒப்பந்தத்தில் சாலை உண்டு, வாசல் கிடையாது.
எழுபதை நெருங்கும் மனிதன்
மார்புயரப் பனிக்கு முன்னால் மண்வாரியோடு நிற்பதைப்
பின்கண்ணாடியில் பார்த்தபடி
பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன்.
கடன்களை மன்னிக்கிற இடம் வந்ததும்
கியர் மாற்றுவேன்.
அந்தச் சத்தத்தில் வரி கேட்காது.

போன வியாழன் அவன் சமையலறையில் விளக்கில்லை.
பாதி வெட்டிய பனியில் மண்வாரி குத்தி நின்றது,
அதன் பிடிமேல் புதுப்பனி ஒரு சாண்.
கடந்துதான் போனேன், பொய் சொல்லமாட்டேன்.
மீன் ஆலை வரைக்கும் போனேன்.
லேவியனுக்கும் ஓர் அட்டவணை இருந்திருக்கும்.
பிறகு இருபது டன் இரும்பை
பின்னோக்கி, பீப் பீப் என்று ஊரை எழுப்பிக்கொண்டு
திருப்பிக் கொண்டுவந்தேன்.

இடுப்பு முறிந்து தரையில் கிடந்தான்.
தோர்டிஸ் வருவதற்குள் வாசலை வெட்டினேன்,
தகட்டால் பாதி, அவன் மண்வாரியால் பாதி.
ஸ்ட்ரெச்சரில் போகும்போது சொன்னான்:
"கேட் கம்பத்தைச் சுரண்டிவிட்டாய்."
அவ்வளவுதான்.
நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.
அவன் பூனைக்கு ஒரு துண்டு மீன் வைத்துவிட்டுப்
பள்ளிக்கூடத்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போனேன்.
பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

இனி ஒவ்வொரு புயலுக்கும் திருப்பவேண்டும்.
சொல்லிவிடுகிறேன், இன்னும் மனம் திரும்பவில்லை;
மணிக்கட்டு மட்டும்தான் திரும்புகிறது.
அதை எடுத்துக்கொள்வீரா?

ஏழெழுபது தரம் என்றீராமே.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இங்கே வருஷத்துக்கு எழுபது நாள் பனி விழும்.
அப்படியானால் ஏழு குளிர்காலம்.
ஓய்வு பெற எனக்கு ஆறுதான் பாக்கி.

ஏழாவதற்குச் சொந்தமாக
ஒரு மண்வாரி வாங்கவேண்டியிருக்கும்.

கணவாயில் காற்று ஏறுகிறது.
அப்புறம் பேசுகிறேன்.